அழுங்கு நடத்திய வரிசைக் கம்பெனி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளம் இருந்தால் தண்ணீர் இருக்கும், தண்ணீர் இருந்தால் தாகம் தீரும் என்று நினைக்கிறவர்கள் தொழில் தொடங்குகிற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது சரிப்பட்டு வராது. அந்தக் குளத்துக்கு ஒரு வரிசையும் இருந்தது. நான் சொல்லப்போவது அந்த வரிசையைப் பற்றி.

சித்திரை பிறந்துவிட்டால் சுற்றியிருக்கிற ஓடைகள் எல்லாம் வற்றிப்போய், மொத்தக் காடும் அந்த ஒரு குளத்துக்குத்தான் வரும். கூட்டமாக இறங்கினால் கலங்கிவிடும் என்று ஒருத்தர் ஒருத்தராகக் குடிக்க வேண்டும் என ஏற்பாடு. ஆனால் அந்த வெயிலில் எவன் நிற்பான்? ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு நிழலைப் பார்த்துப் போய்விடுவார்கள். நாம் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதே வழக்கம்தான்.

கல்லுக்கு அங்கே இருந்த மரியாதை உயிருள்ள பிராணிக்குக் கிடையாது. நேரில் நிற்கிறவனை, தம்பி அவசரம், கொஞ்சம் பின்னால போ என்று தள்ளிவிடலாம். கல்லை எப்படித் தள்ளுவது? அது யாருடையதோ, அவருக்கு என்ன செல்வாக்கோ. ஒரு வருஷம் புலியே ஒரு கூழாங்கல்லுக்குப் பின்னால் இரண்டு நாள் காத்துக் கிடந்தது. அது ஒரு முயல் வைத்த கல். முயல் கல்லை வைத்ததையே மறந்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தது. வரிசை நகரும்போது முன்னால் இருக்கிற கல்லைப் பின்னால் இருப்பவர் மூக்கால் மெதுவாகத் தள்ள வேண்டும். காலால் தள்ளினால் பஞ்சாயத்து கூடிவிடும்.

அந்தக் காட்டில் இசக்கிமுத்து என்று ஓர் அழுங்கு இருந்தான். அழுங்கு தெரியும்தானே, எறும்பும் கரையானும் தின்று பிழைக்கிற ஜீவன். உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரி செதில் இருக்கும். பயம் வந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும். இசக்கிமுத்துவுக்கு அடிக்கடி பயம் வரும்.

வீட்டில் மனைவி பேச்சி. அவள் வாலில் ஒரு குட்டி. அழுங்குக் குட்டி அம்மாவின் வாலைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் ஊரெல்லாம் போகும். அந்தக் குட்டிக்குத் தண்ணீர் வேண்டும். இந்தக் கதையில் கவலைப்பட வேண்டிய விஷயம் இது ஒன்றுதான். ஆனால் கதையில் வருகிற யாரும் இதற்காகக் கவலைப்படப்போவதில்லை, அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முறை வந்ததும் சொல்லி அனுப்புகிறேன், குட்டியைக் கூட்டிக்கொண்டு வா என்று பேச்சியிடம் சொல்லிவிட்டு இசக்கிமுத்து வரிசைக்குப் போனான். கல் வைக்கத் தெரியாத அப்பாவி, நேரிலேயே நின்றான். முதல் நாள் காலையில் ஏழாவது ஆளாக நின்றவன் சாயங்காலம் நாற்பதாவது ஆளாக இருந்தான். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் யாரோ அவனைப் பார்த்துக் கொஞ்சம் சத்தம் போட, அவன் அங்கேயே சுருண்டு உருண்டையாகிவிட்டான்.

அப்போது சொரிமுத்து அண்ணாச்சி வந்தார். அவர் கரடி. வரும் வழியில் கல் எடுத்துவர மறந்துவிட்டார். கண்ணெதிரே அம்சமாக ஒரு கல் கிடந்தது. தூக்கி வரிசையில் வைத்துவிட்டுப் பலாமர நிழலுக்குத் தூங்கப் போய்விட்டார்.

இசக்கிமுத்துவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மரியாதை கிடைத்தது. அவனை யாரும் திட்டவில்லை, பின்னால் போகச் சொல்லவில்லை. பின்னால் நின்ற மிளா, அந்தப் பெரிய கொம்பு மான், அவனை மூக்கால் பூப்போலத் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுபோனது. வெயில் தாழ்வதற்குள் அவன் வரிசையின் தலைக்கே வந்துவிட்டான். தண்ணீர் ஒரு முழ தூரத்தில் இருந்தது. சொரிமுத்து அண்ணாச்சி கொட்டாவி விட்டபடி வந்தார், அவனை உருட்டித் தள்ளிவிட்டு வயிறு முட்டக் குடித்தார், போய்விட்டார். வேலை முடிந்த கல்லை எடுத்துப் புதரில் போடுவது வழக்கம். மிளா அவனை எடுத்துப் புதரில் போட்டது.

புதருக்குள் அவன் மெதுவாகப் பிரிந்து உட்கார்ந்தான். நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். யோசனை வந்தது. ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்களுக்கு இருக்கிற வியாதியே இதுதான்.

வீட்டில் பேச்சி கற்றாழை மடலைக் கீறிக் குட்டியின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கசப்பு தாங்காமல் குட்டி முகத்தைத் திருப்பியது. நடந்ததை அவன் சொன்னதும் அவள் கற்றாழையைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவு பக்கத்துல போயிட்டுக் குடிக்காம வந்தீங்களா?"

"நான் அங்க கல்லு, பேச்சி. கல்லு தண்ணி குடிச்சா எவன் மதிப்பான்?"

மறுநாள் அவன் ஆவுடையப்பனைப் பார்க்கப் போனான். அவர் கொக்கு. அதற்கு முன் மூன்று கம்பெனி தொடங்கி மூன்றையும் மூழ்கடித்தவர் என்பதால் இப்போது ஆலோசகராக இருந்தார். குளத்துக்கு நடுவே, முட்டளவுத் தண்ணீரில், ஒற்றைக் காலில் நின்றபடிதான் ஆலோசனை சொல்வார். ஆலோசகர்களுக்கு வரிசை கிடையாது. இசக்கிமுத்து கரையில் நின்று தன் திட்டத்தைக் கத்திச் சொன்னான். கல்லைப் பேச வைத்தால் எப்படி இருக்கும்? எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருப்பதால் தினமும் உன் கல்லா என் கல்லா என்று சண்டை. தலைக்கு வந்த கல் ஆளைக் கூப்பிடாது. ஓடு உள்ள ஆள் ஒருத்தன் கல்லாக இருந்தால் கேட்டவுடன் பேர் சொல்வான், முறை வந்தால் குரல் கொடுப்பான்.

கொக்கு ஒரு மீனைக் கொத்தி விழுங்கியது. பிறகு, முதலில் கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்று கேள், கேட்காமல் ஆரம்பித்தவன் உருப்பட்டதில்லை என்று சொல்லித் தேக்கிலையில் பதினான்கு கேள்வி கொண்ட ஒரு படிவம் எழுதிக் கொடுத்தது.

படிவம் காடு முழுக்கப் போனது. எல்லாருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: முன்னால வாங்கினவங்க என்ன எழுதியிருக்காங்க? முதலில் எழுதியவர் சொரிமுத்து அண்ணாச்சி. மற்றவர்கள் அவருடையதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். அறுபத்துமூன்று படிவங்களிலும் 'தண்ணீர் சீக்கிரம் வேண்டும்' என்று இருந்தது. அறுபத்துமூன்றிலும் இனம் என்ற இடத்தில் 'கரடி' என்றும் இருந்தது. மானும் கரடி, மரநாயும் கரடி. கொக்கு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சந்தை முழுக்கக் கரடிகளாக இருக்கிறது, ஒரே வகை வாடிக்கையாளர், தைரியமாக இறங்கு என்றது.

கம்பெனிக்கு 'நிற்கிறோம்' என்று பேர் வைத்தான். முதலில் ஒன்பது ஆமைகளை வேலைக்குச் சேர்த்தான், பிறகு கேட்டு வந்த ஆமைகளையெல்லாம் சேர்த்தான். ஆமைகளுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை, சும்மா இருப்பதற்குச் சம்பளம் உண்டா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டன. ஓர் இடத்துக்குக் கட்டணம் ஒரு கரையான் புற்று. பத்து நாளில் வரிசையில் பாதி ஆமையாகிவிட்டது. வேலை கச்சிதமாக நடந்தது. முன்பு ஒரு நாள் ஆன இடத்தில் இப்போது இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் கிடைத்தது, இசக்கிமுத்து வீட்டைத் தவிர.

ஆனாலும் புகார் வந்துகொண்டே இருந்தது. சொரிமுத்து அண்ணாச்சி வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்து, என்னய்யா கம்பெனி நடத்துற, நம்பி வந்தவனை இப்படியா அவமானப்படுத்துவ என்று கத்தினார். என்ன குறை என்று கேட்டால் சொல்லவில்லை. உனக்கே தெரியணும் என்றார். காட்டுப்பன்றி வெள்ளப்பாண்டி அதைவிட ஒரு படி மேலே போய், இனி ஆமை வேண்டாம், பழையபடி கல்லே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னார்.

இசக்கிமுத்துவுக்குத் தலை சுற்றியது. கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்று ஆனதும், கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி செய்தான். பலாமர நிழலுக்குப் போய், வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நடுவே சுருண்டு கிடந்தான். கல்லுக்கு முன்னால் யாரும் வாயைக் கட்டிக்கொண்டு பேசுவதில்லை. சொரிமுத்து அண்ணாச்சி அவன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டே பேசினார்.

அங்கேதான் உண்மை வெளியே வந்தது. போன வைகாசியில் நரி வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் வெள்ளப்பாண்டிக்கு இலை போட்டார்கள். சொரிமுத்து அண்ணாச்சியை இரண்டாம் பந்திக்கு நிற்க வைத்துவிட்டார்கள். அவர் அன்றைக்குப் பாயசம் கிடைக்காமல் வீட்டுக்குப் போனார். அதிலிருந்து இன்றுவரை அவர் வாயில் தண்ணீர் என்ற சொல்லே வரவில்லை. ஆமை வந்து, முறை வந்துவிட்டது என்று சொன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி, வெள்ளப்பாண்டி எனக்கு முன்னாலயா பின்னாலயா என்பதுதான். அந்தப் பக்க நிழலில் வெள்ளப்பாண்டியும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். மிளாவுக்கு ஒரு புள்ளிமான் மேல் கண், கீரிக்கு ஓர் உடும்பின் மேல் கண். காட்டில் ஒருத்தர் பாக்கியில்லை.

இசக்கிமுத்து கொக்கிடம் ஓடினான். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டாம், பின்னால் ஓர் ஆள் வேண்டும், சரியான ஆளாக வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னான். கொக்கு முதல் தடவையாக இரண்டாவது காலையும் கீழே ஊன்றியது. இதற்குப் பேர் பிவட், தொழிலை வேறு பக்கம் திருப்புவது, நல்ல விஷயம்தான், ஆனால் கரடிக்குப் பின்னால் பன்றியும் பன்றிக்குப் பின்னால் கரடியும் எப்படி நிற்க முடியும் என்று கேட்டது.

"நேரா நின்னாத்தானே முடியாது, சார்" என்றான் இசக்கிமுத்து. மணலில் ஒரு வட்டம் போட்டான்.

மறுநாள் காலையில் வரிசை குளத்தைச் சுற்றி வளைத்து வைக்கப்பட்டது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இடம், இடத்துக்கு ஓர் ஆமை. தலையும் இல்லை, வாலும் இல்லை. சொரிமுத்து அண்ணாச்சி வந்து தன் ஆமையைப் பார்த்தார், அதற்குப் பின்னால் பார்த்தார். வெள்ளப்பாண்டியின் ஆமை இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளப்பாண்டி வந்து பார்த்தார். வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அவருக்குப் பின்னால் எங்கோ சொரிமுத்துவின் ஆமை இருக்கத்தான் செய்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்.

எல்லாரும் பின்னால் மட்டும் பார்த்தார்கள். முன்னால் யார், முதலில் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முதல் ஆள் யார் என்று தெரியாததால் யாரும் தண்ணீருக்கு இறங்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் போயிற்று. நாக்கு ஒட்டிக்கொண்டது, உதடு வெடித்தது, பேச்சு குழறியது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கருத்துப் படிவத்தில் எல்லாரும் ஐந்துக்கு ஐந்து அத்திப்பழம் போட்டார்கள். இனம் என்ற இடத்தில் இன்னமும் கரடி என்றே எழுதினார்கள்.

நான்காம் நாள் பேச்சி குளத்துக்கு வந்தாள். அவள் வாலில் குட்டி இல்லை, வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்தாள். இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"புள்ள வாலைப் பிடிக்க மாட்டேங்குது. பிடிச்சாலும் வழுக்கி வழுக்கி விழுது. நமக்கு ஒரு இடம் போடுங்க."

இசக்கிமுத்து வட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். இருநூற்றுப் பன்னிரண்டு இடமும் நிறைந்திருந்தது. நடுவில் ஒன்றை நுழைத்தால் யாருக்கோ பின்னால் இருக்க வேண்டியவர் ஓர் இடம் தள்ளிப் போய்விடுவார், அவர் கண்டுபிடித்துவிடுவார், கம்பெனியின் பேர் கெட்டுப்போகும். அவனும் குனிந்து குட்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு முதலாளி தன் வீட்டுக்கே சலுகை காட்டினால் நாளைக்கு யார் நம்புவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவன் நேர்மை என்று நினைத்துக்கொண்டான். ஒரு தேக்கிலையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"காத்திருப்போர் பட்டியல்ல பேர் எழுதிட்டுப் போ. எடம் காலியானா முதல் அழைப்பு உனக்குத்தான்."

பேச்சிக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இலையை வாங்கி, சுருட்டி, அதில் ஏதாவது ஈரம் இருக்குமா என்று குட்டியின் வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் யானைகள் வந்தன. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கூட்டம், பதினான்கு உருப்படி. அவர்களிடம் யாரும் படிவம் கொடுக்கவில்லை, அவர்கள் கஸ்டமரும் இல்லை. ஓர் ஆமை தைரியமாகத் தலையை நீட்டி, அம்மா, வரிசை இருக்கு என்றது. முன்னால் வந்த பெரிய யானை அதைத் தும்பிக்கையால் எடுத்து, மிதிபட்டுவிடாதபடி ஓரமாக வைத்தது. எல்லா ஆமைகளையும் அப்படியே எடுத்து வைத்தார்கள். நல்ல குணம்தான். அப்புறம் இறங்கிக் குடித்தார்கள், குளித்தார்கள், சேற்றை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டார்கள். அரைமணி நேரத்தில் குளம் வெறும் சேறாகக் கிடந்தது. ஓரமாகக் கிடந்த ஆமைகளுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு நிழலில் இருந்த மொத்தக் காடும் ஓடி வந்தது. இசக்கிமுத்து பயத்தில் சுருண்டுவிட்டான். இன்றைக்குத் தன்னைப் பிய்த்துப் போடப் போகிறார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் போச்சே என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து இன்னும் இறுக்கிச் சுருண்டுகொண்டான்.

முதலில் கேட்டது சொரிமுத்து அண்ணாச்சியின் குரல். "என் ஆமை எங்கய்யா? வெள்ளப்பாண்டியோடது எனக்கு முன்னால கெடக்கு."

அவ்வளவுதான். என் ஆமை, உன் ஆமை, நான் முன்னால், நீ பின்னால் என்று கரை முழுக்கக் கூச்சல். சேற்றை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையை உடனே பழையபடி போடு, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று அவனைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சினார்கள். அவன் மெதுவாகப் பிரிந்து எழுந்தான். குறிப்பைப் பார்த்துப் பார்த்து ஆமைகளை வெறும் சேற்றைச் சுற்றி வைத்தான். ஓர் இடத்துக்கு இரண்டு புற்று என்றான். மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

கொக்கு சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் எத்தனையோ கம்பெனி பார்த்துவிட்டேன், தண்ணீர் இல்லாமலே ஓடுகிற தண்ணீர்க் கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன், இனி உனக்கு என் ஆலோசனை தேவையில்லை என்று அவனை மனசாரப் பாராட்டியது. பாராட்டிவிட்டு மீன் இருக்கிற வேறு குளத்துக்குப் பறந்துவிட்டது.

மறுநாள் பேச்சி வந்தாள். இந்தத் தடவை குட்டி அவள் வாலில் இருந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் வேடிக்கை பார்த்தது. இசக்கிமுத்து கரையில் உட்கார்ந்து படிவம் எண்ணிக்கொண்டிருந்தான். அவன் உதடும் வெடித்துத்தான் இருந்தது.

யானைகளின் தடத்தைப் பிடித்துப் போனதாக அவள் சொன்னாள். வற்றிக் கிடந்த ஆற்று மணலில் பெரிய யானை காலால் தோண்டி ஊற்று எடுத்திருக்கிறது. அவர்கள் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள், தண்ணீர் தெளிந்து ஊறிக் கிடக்கிறது, குட்டி இரண்டு தடவை குடித்துவிட்டது. எழுந்து வாங்க என்றாள்.

"எத்தன பேரு நிக்காங்க?" என்று கேட்டான் இசக்கிமுத்து.

"யாரும் நிக்கல."

"உனக்குப் பின்னால?"

"பின்னாலயும் யாரும் இல்ல. நான், புள்ள, தண்ணி, அவ்வளவுதான்."

அவன் யோசித்தான். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தான். ஒருத்தர்கூட நிற்காத தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்குமா, இருந்தால் ஏன் யாரும் நிற்கவில்லை என்று அவளிடமே கேட்டான். அந்த நேரம் பார்த்து வட்டத்தில் ஓர் இடம் காலியானது. அங்கே இருந்த ஆமை இவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடையைக் கட்டியிருந்தது. அது சொரிமுத்து அண்ணாச்சியின் இடம். அதைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் இசக்கிமுத்து படிவங்களைக் கீழே போட்டான். ஓடிப்போய் அந்த இடத்தில் சுருண்டுகொண்டான்.

பேச்சி பின்னாலேயே போனாள். பேசிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். பிறகு தோளைக் கொடுத்து அவனை வட்டத்துக்கு வெளியே உருட்ட ஆரம்பித்தாள். நாலு முழம்கூட உருட்டியிருக்க மாட்டாள், வெள்ளப்பாண்டி பாய்ந்து வந்தார். ஏம்மா, அடுத்தவங்க கல்லை இப்படித் தள்ளலாமா, அதுக்குப் பின்னால நான் இருக்கேன்ல என்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து சொரிமுத்து அண்ணாச்சியும் ஓடி வந்தார். அவர் சொல்றதுதான் சரி என்றார். நரி வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான். ஆளுக்கொரு பக்கம் மூக்கைக் கொடுத்து, மரியாதையாக அவனைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தார்கள்.

"இது கல்லு இல்ல, என் வீட்டுக்காரர்" என்றாள் பேச்சி. அவர்கள் நம்பவில்லை. அவள் குனிந்து உருண்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கெஞ்சினாள். "நீங்களாவது சொல்லுங்களேன்."

உருண்டைக்குள்ளிருந்து வறண்ட குரல் ஒன்று, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது.

"கஸ்டமர் முன்னால வச்சு இப்படியெல்லாம் பேசாத, பேச்சி."

பேச்சி நிமிர்ந்தாள். வாலைத் திருப்பிக் குட்டி பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

நீதி: வாடிக்கையாளருக்குத் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் தேடி அலையாதீர்கள். அவருக்குப் பின்னால் நிற்க ஓர் ஆளைத் தேடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே நில்லுங்கள்.